தலை தூக்கி நின்ற வண்டி

நான் லாஞ்சு எஞ்சின் மெக்கானிக். தூத்துக்குடி மீன்பிடித் துறையில் பன்னிரண்டு வருஷம் டீசலிலேயே கை கழுவியவன். தூரத்தில் ஒரு லாஞ்சு வந்துகொண்டிருக்கும்போதே, சத்தத்தை வைத்து, டீசல் பீச்சும் எந்த நாசில் ஒழுகுகிறது என்று கரையில் நின்றபடி சொல்லிவிடுவேன். பத்துக்கு ஒன்பது தடவை சரியாக இருக்கும். அந்த ஒன்பதுதான் என்னைக் கெடுத்தது. பத்தாவது தடவையைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது.

என் மனைவி மணப்பாட்டுக்காரி. அவளுக்குப் பதினான்கு வயதில் தாய் இறந்துபோனாள். தம்பிக்கு அப்போது மூன்று வயது. அவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் வளர்த்ததெல்லாம் அவள்தான். எங்கள் கல்யாணத்தன்று அவன் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. அவனைப் பார்க்க மாதம் ஒரு தடவையாவது மணப்பாட்டுக்குப் போகாவிட்டால் அவளுக்கு ஆகாது. பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தோம்.

புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. வாடகைக்கு ஓடி ஓய்ந்த ஒரு பழைய காரை வாங்கினேன். யாரோ அதன் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றியிருந்தார்கள். டீசல் என்று கேட்டதுமே எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. பெட்ரோல் வண்டி என்றால் இன்னொருவனிடம் கைகட்டி நிற்க வேண்டும். டீசல் என்றால் நானே ராஜா, நானே மந்திரி.

வண்டியில் ஒரே ஒரு குறை இருந்தது. காலையில் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகாது. செல்ஃப் மோட்டார் நன்றாகத்தான் சுற்றும். ஆனால் எஞ்சின் பிடிக்காது. பின்னால் புகைக்குழாயில் ஒரு இழை புகைகூட வராது. சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்த பிறகு வெள்ளையாகக் கொஞ்சம் துப்பும், இருமும், அப்புறம் எடுக்கும். ஒரு தடவை எடுத்துவிட்டால் அன்று பூராவும் தொட்டதும் எடுக்கும். மறுநாள் காலையில் பழைய குருடி கதவைத் திறடி.

நான் விடுவேனா? பேட்டரியை மாற்றினேன். ஹீட்டர் பிளக் நான்கையும் கழற்றிச் சிவக்கிறதா என்று பார்த்தேன், சிவந்தன. வால்வு இடைவெளி பார்த்தேன். கம்ப்ரஷன் பார்த்தேன், அந்த வயசு எஞ்சினுக்கு மோசமில்லை. லைனில் டீசல் ஏற்றும் கைப்பம்பை இருபது தடவை அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் உடனே எடுக்கிறது என்று கண்டுபிடித்ததும், டீசல் பம்ப் சோர்ந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி, அதைப் பிரித்துப் புது வால்வு போட்டேன். பழைய கதைதான். லைனில் எங்கேயாவது லீக் இருக்குமோ என்று டேங்கிலிருந்து எஞ்சின்வரை குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவினேன். ஒரு பொட்டு ஈரமில்லை. அந்தச் சந்தேகத்தை அன்றோடு விட்டுவிட்டேன்.

வண்டியை எங்கே நிறுத்தினேன் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் எந்தக் கலத்தைக் கரையில் இழுத்துப் போட்டாலும் அணியம், அதாவது முன்பக்கம், கடலைப் பார்த்துத்தான் இருக்கும். கடலுக்குப் புறம் காட்டி நின்றால், மறுபடி உள்ளே போக மனசில்லை என்று அதனிடம் சொல்வதுபோல ஆகிவிடுமாம். நானும் காரை அப்படித்தான் நிறுத்தினேன். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் மேடு. அந்தச் சரிவில் ஓலைக் கொட்டகை போட்டு, மேட்டைப் பார்க்க மூக்கை ஏற்றி நிறுத்துவேன். மணப்பாட்டிலும் இதே வழக்கம்தான். அங்கே மாமனார் வீடு உயரத்தில் இருந்தது. வாசலிலிருந்து கடலை நோக்கித் தரை இறங்கும். அங்கே வண்டி மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும்.

ஒரு நாள் மணப்பாட்டிலிருந்து காலையில் திரும்பும்போது அவள் சொன்னாள்.

"எங்க ஊர்ல மட்டும் ஒரே சாவிக்கு எடுக்குது, பாத்தியளா?"

உண்மைதான். நானும் கவனித்திருந்தேன். ஆனால் அவள் சொன்ன விதத்தில் ஊர்ப் பெருமை இருந்ததாக எனக்குப் பட்டது. "உங்க ஊரு சிலுவைக் கோயில் மகிமையா இருக்கும். பேசாம வண்டிக்கு அங்கனயே ஞானஸ்நானம் குடுத்துருவோம்" என்றேன். அவளும் சிரித்தாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்களே, அது நான்தான். வெண்ணெயைக் கொண்டுவந்து கொடுத்தவளைக் கேலி வேறு செய்தேன்.

அந்த மார்கழியில் தம்பிக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. முதல் கப்பல். ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்குத் திருநெல்வேலியில் ரயில் ஏறி, பம்பாய் போய்ச் சேர வேண்டும். மணப்பாட்டில் ஒரு வழக்கம் உண்டு. கப்பலுக்குப் போகிறவன் நெற்றியில், வீட்டு வாசலில் வைத்து, தாய் கட்டைவிரலால் சிலுவை போட்டு அனுப்ப வேண்டும். தாய் இல்லையென்றால் வளர்த்தவள். அது இல்லாமல் எவனும் படி இறங்குவதில்லை. அவன் நெற்றியில் போட வேண்டியவள் என் மனைவி.

சனிக்கிழமை சாயங்காலமே பஸ்ஸில் போய்விடலாம் என்று அவள் சொன்னாள். வாசலில் வண்டியை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவதா? அன்றைக்குத்தான் நாசில் நான்கையும் டெஸ்ட் செய்து மாட்டியிருந்தேன். "இனிம இதுக்கு ஸ்டார்டிங் தொந்தரவே கிடையாது. காலைல அஞ்சு மணிக்குக் கிளம்புனா ஆறரைக்கு அங்கன நிப்போம். அவனையும் ஏத்திக்கிட்டு ஸ்டேஷன்ல ராஜா மாதிரி இறக்கி விடுதேன்" என்றேன். மச்சினனை என் காரில் கொண்டுபோய் ரயிலேற்ற வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. அதை மறைப்பானேன்.

அவள் கொட்டகையின் வாசலில் நின்று வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அங்கன வண்டி தலை குனிஞ்சு நிக்குது. இங்கன தலை தூக்கி நிக்குது. அதுல எதும் இருக்குமா? இன்னைக்கு ஒரு நாள் திருப்பி நிறுத்திப் பாருங்களேன்."

"கடலுக்குப் பொறத்தக் காட்டி நிறுத்தவா? நல்லாருக்குளா. எஞ்சின் படிச்சது நீயா, நானா?"

அவள் உள்ளே போய்விட்டாள். தம்பிக்குக் கொடுத்துவிட அன்று காலையிலிருந்து வறுத்து, இடித்து, டப்பாக்களில் அடைத்துக்கொண்டிருந்தாள். வண்டியைத் திருப்பி நிறுத்த இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

காலை ஐந்து மணிக்குச் சாவியைத் திருப்பினேன். செல்ஃப் சுற்றியது. எடுக்கவில்லை. கைப்பம்பை அடித்திருந்தால் எடுத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அடிக்கவில்லை. நேற்றுப் பார்த்த வேலை வீண் என்று அவள் முன்னால் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. இப்போது பிடிக்கும், இப்போது பிடிக்கும் என்று சுற்றிக்கொண்டே இருந்தேன். பேட்டரி முனகி, முனகி, ஒரு சொடக்குச் சத்தத்தோடு நின்றது. அப்புறம் கைப்பம்பை அடித்து என்ன பயன்? சுற்றுவதற்குச் செல்ஃப் இல்லை.

தெருவில் ஆள் இல்லை. எல்லோரும் கோயிலில் முதல் பூசைக்குப் போயிருந்தார்கள். வண்டியைப் பின்னால் உருட்டித் தெருவில் இறக்கினோம். அங்கே கணுக்கால் மணல். நல்ல சேலை கட்டியிருந்தவள் டப்பாப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு என்னோடு சேர்ந்து தள்ளினாள். பூசை முடிந்து வந்தவர்களும் கை கொடுத்தார்கள். மணலில் சக்கரம் உருண்டதே தவிர எஞ்சின் பிடிக்கிற வேகம் வரவில்லை.

ஏழு மணிக்கு அவள் கேட்டாள். "திருநெல்வேலிக்கு பஸ் ஏறிருவோமா? ஸ்டேஷன்லயாவது அவனப் பாத்துருவேன்."

"பொறு. பேட்டரி ஒண்ணு வாங்கிட்டு வாரேன். அரை மணி நேரம்" என்றேன்.

சைக்கிளை மிதித்து லாரி ஷெட்டுக்குப் போனேன். ஷெட்டுக்காரர் இரண்டாம் பூசைக்குப் போயிருந்தார். பூட்டிய கதவின் முன்னால் நின்றேன். அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு கூப்பிடு தூரம். திரும்பிப் போய் அவளை அழைத்து வந்து பஸ்ஸில் ஏற்றியிருக்கலாம். அது எனக்குத் தோன்றாமலில்லை. தோன்றியும் நின்றேன். இத்தனை வருஷத்தில் மனசுக்குள் நான் அதிகம் போய் நிற்பது அந்தப் பூட்டிய கதவின் முன்னால்தான்.

பேட்டரி மாட்டி வண்டி எடுத்தபோது ஒன்பதரை தாண்டிவிட்டது. மணப்பாட்டுக்குப் போய்ப் பயனில்லை, நேரே திருநெல்வேலிக்கு விட்டேன். வழியெல்லாம் அவள் மடியில் பையைப் பிடித்தபடி இருந்தாள். ஸ்டேஷனுக்குள் ஓடினோம். பிளாட்பாரத்தைப் பெருக்க ஆரம்பித்திருந்தார்கள். ரயில் போய்ப் பத்து நிமிஷம் ஆயிற்று என்று போர்ட்டர் சொன்னார்.

"அப்பா தனியா இருப்பாவ. ஊருக்கு விடுங்க" என்றாள். சாத்தான்குளம் வழியாகப் போனோம்.

மாமனார் வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். மகளைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ஏழு மணி பஸ்ஸ விட்டுட்டான். அக்கா வந்துருவான்னு படியிலயே நின்னான். எட்டு மணி பஸ்ஸுக்கு நான்தான் பிடிச்சுத் தள்ளாத குறையா ஏத்திவிட்டேன். நெத்தியில நான் போடட்டுமாலேன்னு கேட்டேன். வேண்டாம்ப்பா, அக்கா ஸ்டேஷனுக்கு வந்துருவான்னுட்டான்."

அவள் பையைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றும் வழக்கம்போலக் கடலைப் பார்த்து வண்டியை நிறுத்தியிருந்தேன். மறுநாள் காலை நல்ல பனி. அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினேன். ஒரே சாவிக்கு எடுத்தது.

நான் அவளைப் பார்த்தேன். அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி, பக்கவாட்டில் நின்று பார்த்தேன். மூக்குக் கீழே, டேங்க் மேலே. அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

லாஞ்சில் டேங்க் எஞ்சினுக்கு மேலே இருக்கும். டீசல் தானாக இறங்கி வரும். எங்கேயாவது லீக் இருந்தால் வெளியே சொட்டி நனைக்கும், விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடலாம். காரில் டேங்க் பின்னால், கீழே இருக்கிறது. அங்கே லீக் என்றால் டீசல் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். ராத்திரி முழுக்க அந்தக் காற்று, லைனில் நிற்கும் டீசலைக் கொஞ்சம் கொஞ்சமாக டேங்குக்கே திருப்பி அனுப்பிவிடும். மூக்கை ஏற்றி நிறுத்தினால் கேட்கவே வேண்டாம். மூக்கை இறக்கி நிறுத்தினால் லைன் காலியாகாது. பன்னிரண்டு வருஷம் லாஞ்சையே பார்த்த எனக்கு ஈரமில்லாத லீக் என்று ஒன்று இருக்கும் என்றே தெரியவில்லை. கடலைப் பார்த்து நிறுத்தும் வழக்கம் வீட்டில் அதைக் கூட்டிக் காட்டியது, மணப்பாட்டில் மறைத்தது. எஞ்சின் படிக்காதவள் அதைச் சரியாகப் பார்த்துச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து டீசல் ஃபில்டரின் மேல் இணைப்பைக் கழற்றினேன். செம்பு வாஷரில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். பத்து நிமிஷ வேலை. அதன்பின் அந்த வண்டி எந்த மேட்டில் நின்றாலும் ஒரே சாவிக்கு எடுத்தது.

அவள் அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் வாஷரைக் கொண்டுபோய்க் காட்டவில்லை. தப்பு என்னுடையது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். லாஞ்சுக்காரர்களிடம் ஆயிரம் தடவை சவடாலாகப் பேசிய வாய்க்கு அது வரவில்லை. ரேடியோவில் கடல் கொந்தளிப்பு என்று சொன்னால் போதும், எந்தக் கடல் என்றுகூடக் கேட்காமல் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு மாதா படத்தின் முன்னால் போய் நிற்பாள். தம்பியின் கடிதம் வந்து சேரும்வரை சரியாகச் சாப்பிட மாட்டாள். மூன்று வருஷம் இப்படி. மணப்பாட்டுக்குப் போவதென்றால் முதல் நாளே பஸ்ஸில் போய்விடுவாள். வரும்போது மட்டும் என்னோடு வண்டியில் வருவாள்.

காலையில் வண்டி ஒரே சாவிக்கு எடுக்கும் சத்தம் அடுப்படிவரை கேட்கும். அதை அவள் காதில் போட எனக்கு மனமில்லை. தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்வேன். எதிர்வீட்டுக்காரர், "என்ன அண்ணாச்சி, இன்னுமா வண்டி சரியாவல?" என்று கேட்பார். இல்லை என்று சொல்லிவைப்பேன்.

மூன்று வருஷம் கழித்துத் தம்பி வந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சதை போட்டு, மீசை வைத்து, ஆளே மாறியிருந்தான். ஸ்டேஷனிலிருந்து நான்தான் என் காரில் கூட்டி வந்தேன். வழியெல்லாம், "அத்தான், வண்டி ஜோரா இருக்கே" என்று சொல்லிக்கொண்டே வந்தான். மணப்பாட்டு வாசலில் இறங்கியதும் அக்காவின் முன்னால் போய்ச் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்தான்.

அவள் கட்டைவிரலால் அவன் நெற்றியில் சிலுவை போட்டாள். விரலை உடனே எடுக்கவில்லை.

"இது வந்ததுக்கு" என்றாள். "போனதுக்குப் போடாதது போடாததுதான்."

யாரையும் பார்த்து அதைச் சொல்லவில்லை. நான் எஞ்சினை அணைக்காமல் வண்டியின் அருகிலேயே நின்றேன். அது ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.