பொறுக்கு, பொறுக்கு

மேடைக்குக் கூப்பிடும்போது என்னைத் 'தமிழ் ரெகேவின் முன்னோடி' என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குப் பின்னால் பாட வந்தவர்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பாட்டைத்தான். அதுவும் அம்மாவிடமிருந்து நான் எடுத்தது.

அம்மா வால்பாறையில் தேயிலை பறித்தவள். ஒருநாள் எடை போடும் இடத்தில், முத்தல் இலை கலந்திருக்கிறது என்று சூப்பர்வைசர் அவள் மூட்டையைத் தரையில் கொட்டிவிட்டு, "பொறுக்கு" என்றானாம். எல்லோரும் பார்க்க மண்டியிட்டுப் பொறுக்கியிருக்கிறாள். அப்பாவிடம்கூடச் சொல்லாததை, நான் படிக்கக் கோவைக்குக் கிளம்பிய அன்று என்னிடம் சொன்னாள். புத்தியோடு படிக்கட்டும் என்றுதான் சொன்னாள். நான் படிப்பைப் பாதியில் விட்டேன், அதைப் பாட்டாக்கினேன்.

ரெகே என்ற ஜமைக்கா இசையில் கிதார் தாளத்தோடு விழாது, ஒரு மூச்சு தள்ளி விழும். குனிந்து பொறுக்கும் கைக்கு அது அப்படியே பொருந்தியது. சரணம் முடிந்ததும் "பொறுக்கு, பொறுக்கு" என்று நான் பாட, கூட்டம் திருப்பிப் பாடும். கல்லூரி விழா, கோயில் நோம்பி, எங்கு போனாலும் அதுதான் வேண்டும் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மிதப்பில்தான் அம்மாவைக் கோவைக்கு அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைத்தேன். அரங்கமே எழுந்து நின்று பாடியது. முடிந்ததும் பார்த்தால் அவள் நாற்காலி காலி. வெளியே படியில் உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா இல்லீங்களாம்மா?"

"அன்னிக்கு அவன் ஒருத்தன்தான் பொறுக்குன்னான் கண்ணு. நீ ஊரையே சொல்ல வெச்சுப்போட்டயே."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. உக்கடத்தில் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் நின்று, "இனி அதையப் பாட மாட்டேனுங்கம்மா" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

சொன்ன சொல்லை மீறவில்லை. போன மாதம் ஒரு கல்லூரியில் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். முடியாது என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவர்களே ஆரம்பித்துவிட்டார்கள். கிதாரைக் கீழே வைத்தேன், கையெடுத்துக் கும்பிட்டேன். இன்னும் சத்தமாகப் பாடினார்கள். ஒரு வார்த்தை பிசகவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை அம்மா ஃபோனில் கேட்டாள்.

"நேத்து அதையப் பாடுனயா கண்ணு?"

"இல்லீங்கம்மா."

"செரி. சாப்புட்டயா?" என்றாள்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் அம்மாவுக்கு முன்னால் நான் அப்படி வெட்கப்பட்டதே இல்லை.