காவல்காரர் பஞ்சநாதன் கிறிஸ்துமஸ் தாத்தாவான வரலாறு

மரக்காணம் உப்பளக் காவல்காரர் பஞ்சநாதன் எதையும் எளிதில் நம்புகிறவர் அல்லர். மழை பெய்தால்கூட வெளியே வந்து நனைந்து பார்த்த பிறகே அதை மழை என்று ஒப்புக்கொள்வார். அப்பேர்ப்பட்டவருக்கு 1974 டிசம்பரில் ஒரு சோதனை வந்தது.

முந்திய ஆண்டு பக்கத்து அளத்தில் தொழிலாளர் சங்கம் முளைத்தது. அதை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கத் தவறிய காவல்காரரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போதே முதலாளி சிவஞானம் பஞ்சநாதனிடம் சொல்லிவிட்டார்: "நம்ம அளத்துல சங்கம்னு ஒரு சத்தம் கேட்டுச்சுன்னா, மொதல்ல உன் சீட்டுதான் கிழியும்."

சத்தம் கேட்டது. மழைக்காலம் என்பதால் அளத்தில் வேலை கிடையாது. ஆனாலும் பொழுது சாயும் நேரத்தில், காலியான உப்புக் கிடங்குக்குள் இருபது கால்கள் ஒன்றாகத் தரையில் விழுந்தன. ஊர்வலப் பயிற்சியேதான்! பஞ்சநாதன் தகரச் சுவரின் ஓட்டையில் கண்ணை வைத்தார்.

உள்ளே அளத் தொழிலாளி அந்தோணிதாஸோடு சேர்த்துப் பத்துப் பேர் தோளோடு தோள் நின்று, மிதித்துக்கொண்டே பாடினார்கள். பாட்டு என்னவோ பாலன் பிறந்ததைப் பற்றித்தான். ஆண்டுதோறும் உப்புப் பாத்தியை இறுக்க வரிசையாக மிதித்தே தாளம் பழகியவர்கள் அவர்கள். கால் விழாவிட்டால் தொண்டை திறக்காது. இது பஞ்சநாதனுக்கும் தெரியும். தெரிந்தும் நம்பவில்லை. போதாக்குறைக்கு, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் பாப்பாத்தியும் வரிசையில் நின்றாள்.

விடுவிடுவென்று உள்ளே போனார்.

"இன்னாப்பா நடக்குது இங்க?"

"பாட்டு பழகுறோம்ணே. வெள்ளிக்கிழமை வீடு வீடா போறோம்," என்றார் அந்தோணிதாஸ்.

"பாப்பாத்தி, நீ எப்ப ஏசு வேதத்துல சேந்த?"

"நானும் சூசைமேரியும் பாத்தியில ஜோடிங்க. அவ காலு போற பக்கம் என் காலும் போவுது. வேணும்னா காலையே கேளுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சூசைமேரி மட்டும் பஞ்சநாதனின் வயிற்றை அளந்து பார்த்தாள். "தாத்தா வேஷத்துக்கு ஆளு தேடினோம். உங்களுக்குன்னா தலகாணியே வேணாம். வர்றீங்களாண்ணே? தாத்தா யாருன்னு யாருக்கும் சொல்லமாட்டோம், அது எங்க வழக்கம்."

வேவு பார்க்க இதைவிட வசதி ஏது? கடமை கருதி ஒப்புக்கொண்டார்.

முதல் வீடு முதலாளி வீடு என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சிவப்பு அங்கி, அட்டை முகமூடி, பஞ்சுத் தாடி சகிதம் அந்த வாசலில் ஆடினார். கடமைக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஆடினார்.

மிதிச் சத்தத்தில் சிவஞானம் பாய்ந்து வந்தார். "யார்றா அது செவப்புத் துணியில? எந்த ஊரு தலைவன்? நம்ம காவல்காரன் எங்க? டேய் பஞ்சநாதா!"

தாத்தாவின் கால் நின்றது. வாயைத் திறந்தால் சங்கத் தலைவர்; திறக்காவிட்டால் காவலை விட்டு ஓடியவர். எப்படியும் சீட்டு கிழியும்.

"அவரு கிடங்குல காவல் இருக்காருங்க," என்றார் அந்தோணிதாஸ்.

"வரும்போதுகூட எங்கள மொறைச்சாருங்க," என்றாள் பாப்பாத்தி.

"அப்ப இவன் யாரு? மூஞ்சியக் காட்டச் சொல்லு!"

"தாத்தா மொகத்தக் கழட்டினா வீட்டுக்கு ஆவாதுங்க," என்றாள் சூசைமேரி. பத்துத் தலைகளும் ஒன்றாக ஆமோதித்தன.

அப்படி ஒரு விதி எந்த வேதத்திலும் இல்லை. ஆனால் வீட்டுக்கு ஆகாது என்றால் சிவஞானம் அதற்குமேல் பேசமாட்டார். தாத்தா நீட்டிய மிட்டாயை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பஞ்சநாதனைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"வெறும் பாட்டுதாங்க," என்றார் பஞ்சநாதன்.

சொன்னவரே அதை நம்பவில்லை. ஒத்திகை இல்லாமல் பத்துப் பேர் ஒருவருக்காக ஒரே பொய்யைச் சொல்கிறார்கள் என்றால் அது சங்கமேதான். தான் அதில் எப்போது சேர்ந்தோம் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.