ஆலப்புழையில் கேட்ட புடவை

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும் காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடிக்காமல், காட்பாடியில் ஆலப்புழைக்கு ரயில் ஏறினோம். "டாக்டரு ஒண்ணும் பயமில்லன்னுட்டாரு. ரெண்டு நாள் ஊர் சுத்திக்கினு போவலாம் வாம்மா" என்று மனைவியிடம் புளுகினேன். உண்மையில் டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, இனி மருந்தால் பயனில்லை, வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள் என்றிருந்தார். அது அவளுக்குத் தெரியக்கூடாது. ஒரு நாளாவது அவள் நிம்மதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

எனக்கு ஊர் சுற்றுவதே பிடிக்காது. பழைய கட்டடத்தின் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். அன்று நானே நின்றேன். கலங்கரை விளக்கம், பழைய கயிற்றுக் கிடங்குகள், கால்வாய்க்குக் குறுக்கே இருந்த பாலங்கள் என்று எல்லாவற்றுக்கும் கதை சொன்னேன். பாதி நானே இட்டுக்கட்டியது.

"ரொம்பத் தெரிஞ்சவரு மாரிதான்" என்று சிரித்தாள்.

மத்தியானம் மீன் குழம்பு. இரண்டு வாய்க்கு மேல் அவளுக்கு இறங்கவில்லை. குழம்பில் புளி சரியில்லை என்று சமையல்காரனைத் திட்டினாள். நானும் சேர்ந்து திட்டினேன்.

சாயங்காலம் சின்னப் படகொன்றில் ஏறினோம். இரண்டு பக்கமும் வீடுகள், ஒவ்வொரு வீட்டுப் படியும் தண்ணீரில் இறங்கியிருந்தது. ஒரு பெண் படியில் உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"நம்மூரு தாமல் ஏரி ரொம்பி வழிஞ்சாக்கூட இவ்ளோ தண்ணி இருக்காதுங்க" என்று என் மனைவி தண்ணீரில் கையை விட்டாள். எலும்பும் தோலுமான கை.

கொஞ்ச நேரம் கழித்து, "ஊருக்கெல்லாம் பட்டு நெய்ஞ்சி குடுத்துட்டோம். எனக்குன்னு ஒண்ணு நெய்யறீங்களா?" என்றாள்.

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டு எதையும் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இது இன்னாம்மா பெரிய விஷயம்! அரக்கு உடம்பு, பச்சை பார்டரு, ரெண்டையும் சேத்து கோர்வையாவே போட்டுடலாம்."

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கோர்வை வேணாங்க. பார்டரு நூலுக்குத் தனியா நாடா தள்ள பக்கத்துல ஒரு ஆளு ஒக்காரணும். ஒரே கலரா போடுங்க. அதுன்னா நீங்க ஒண்டியாவே நெய்ஞ்சிடலாம்."

எங்கள் தறியில் பக்கத்தில் உட்காரும் ஆள் அவள்தான். கல்யாணமான நாளிலிருந்து வேறு யாரும் அந்த இடத்தில் உட்கார்ந்ததில்லை. படகுக்காரர் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

"எப்பம்மா தெரிஞ்சிது?"

"வூட்டுக்குப் போவாம நேரா ரயில் ஏத்தினீங்களே, அப்பவே. நீங்களாவது, ஊர் சுத்திக் காட்டறதாவது."

ஊருக்குத் திரும்பியதும் அரக்கிலேயே பார்டரும் போட்டு ஒண்டியாக நெய்தேன். புடவையின் உடம்பு முடிந்தது. முந்தானையை நெய்துகொண்டிருக்கும்போது அவள் போய்விட்டாள். கடையில் வாங்கிய கோடிப் புடவையைப் போர்த்தித்தான் அவளை அனுப்பினோம்.