ஹாரன் அடிக்காத லாரி

காலையில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு செங்கல் லாரி. வெகுதூரம் பொறுமையாகப் பின்னாலேயே வந்தது. ஒரு ஹாரன் கூட அடிக்கவில்லை.

விக்கிரவாண்டி டீக்கடையில் அதே லாரி நின்றது. டிரைவரிடம் கேட்டேவிட்டேன்.

"ஹாரன் ரிப்பேராண்ணே?"

"அது நல்லாத்தாங்க இருக்குது. இவருக்குத்தான் ஆவல" என்று மடியிலிருந்த துண்டை விலக்கினார்.

உள்ளே, பொமேரியனும் நாட்டு நாயும் கலந்த ஒரு குட்டி. உள்ளங்கை அளவுதான்.

"அடிச்சா நடுங்கிக்கினு சீட்டுக்கு அடியில பூந்துடுது. அப்புறம் சோறே எறங்காது. அதான் உட்டுட்டேன். அவசரம்னா லைட்டு போடுவேன்."

ஆறடி ஆள், முறுக்கிய மீசை. அவித்த முட்டையை நகத்தால் கிள்ளிக் கிள்ளி அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"தைரியமான குட்டியா எடுத்திருக்கலாமே?"

"மத்ததுங்க வால ஆட்டிக்கினு ஓடியாந்துதுங்க. இது மட்டும் மூலையில ஒக்காந்துக்கினு பாத்துச்சி. எனக்கும் கூட்டம்னா ஆவாதுங்க. செட்டாவும்னு தூக்கியாந்துட்டேன்."

லாரியை ஓட்டுவது அவர். ஹாரனுக்குப் பொறுப்பு அந்தக் குட்டி. மனுஷன் மனதை அள்ளிவிட்டார்.

எங்கள் டவுன் பஸ் டிரைவருக்கும் இப்படி ஒன்று பரிசளிக்கலாம் என்றிருக்கிறேன். உங்கள் தெருவில் ஏதாவது நாய் குட்டி போட்டிருக்கிறதா?

நன்றாகப் பயப்படுகிற குட்டியாகப் பார்த்துச் சொல்லுங்கள்.