பேணுதல் என்று நினைத்தோம்

என் வாப்பா எனக்கு அவரை மாப்பிள்ளையாகப் பார்த்ததே அவருடைய பேணுதலுக்காகத்தான். மார்க்க விஷயத்தில் இம்மியும் பிசகாத வாத்தியார் என்று பள்ளிவாசலில் யாரோ சொல்ல, வாப்பா கல்முனையில் எனக்கென்று கட்டிய வீட்டுக்கு அவரை மருமகனாகக் கூட்டி வந்தார். அது எண்பதுகளின் தொடக்கம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் அவர் செய்ததெல்லாம் என் உம்மாவின் கண்முன்தான் நடந்தது.

தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் வுழுவை மற்றவர்கள் இரண்டு நிமிடத்தில் முடிப்பார்கள். இவர் கிணற்றடிக்குப் போனால் வரமாட்டார். முழங்கையில் ஒரு பொட்டு நனையாமல் போயிற்றோ என்று சந்தேகம் வரும். திரும்ப முதலிலிருந்து தொடங்குவார். "என்ட மருமகன்ட பேணுதல் ஆருக்கு வரும்?" என்று உம்மா அயல் முழுக்கக் கேட்கச் சொல்லுவா. எனக்கும் பெருமைதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவளே நான்தான்.

இரண்டாம் வருடம் அவருடைய கால்விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. இரத்தம் பட்ட இடம் சுத்தமில்லை என்று அதையும் கழுவினார். ஒருநாள் பின்நேர அஸர் தொழுகைக்கு இறங்கியவர் பொழுதுபட்டு மஃரிப் பாங்கு கேட்கும்வரை கிணற்றடியிலேயே நின்றார். தொழுகை தவறிப்போயிற்று. ஐம்பது பிள்ளைகளை அடக்கிப் படிப்பிக்கிற மனுசன் தேம்பித் தேம்பி அழுதார்.

"என்ட ஒரு தொழுகையும் கூடல்ல புள்ள, அல்லா ஏத்துக்கொள்ள மாட்டான். எனக்கு நரகம்தான்."

அல்லாவே, அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

மௌலவியிடம் போனோம். நல்ல மனுசன், பொறுமையாகக் கேட்டார். "இது வஸ்வாஸ். ஷைத்தான் மனசுல போடுற சந்தேகம். அதக் கணக்கெடுக்காம தொழுங்க" என்றார். இவர் வீட்டுக்கு வந்து, ஷைத்தான் தன்னைப் பிடித்துவிட்டானே என்று அதற்கும் சேர்த்துக் கழுவத் தொடங்கினார். அயலில் கதையும் மாறியது. போன மாதம்வரை பேணுதல்காரர், இந்த மாதம் விசர், பைத்தியம். எங்கள் ஊரில் மனுசருக்கு அந்த இரண்டு பெயர்தான், நடுவில் ஒன்றும் கிடையாது. "ஆரோ சூனியம் செஞ்சி போட்டாங்க" என்று உம்மா ஓதிய தண்ணீர் வாங்க ஓடினா. தண்ணீருக்கா எங்கள் வீட்டில் பஞ்சம் என்று நான் கத்திவிட்டேன்.

வாப்பாவுக்குத் தெரியாமல் அவரை பஸ்ஸில் மட்டக்களப்புக்குக் கூட்டிப் போனேன். மனநோய் பார்க்கும் டொக்டர் எத்தனை தரம் கழுவுகிறார் என்று கேட்கவேயில்லை. நிறுத்த நினைத்தால் நிறுத்த முடிகிறதா, கழுவிய பிறகு மனம் ஆறுகிறதா என்றுதான் கேட்டார். இரண்டுக்கும் இவர் தலையை ஆட்டி, இல்லை என்றார்.

"பேணுதலான ஆள் கழுவிப்போட்டு நிம்மதியாத் தொழப் போவார். உங்களுக்கு அந்த நிம்மதி இல்ல. அதனாலதான் இத நோய் என்டு சொல்றம். மருந்து இருக்கு."

"அப்ப பாவமில்லையா, டொக்டர்?"

"காய்ச்சல் வந்தா பாவமா?"

இவருடைய முகம் அப்படியே மலர்ந்தது. எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. ஆஸ்பத்திரிக் கேற்றடிக்கு வந்ததும் அவர் நின்றார். "இன்னொருக்காக் கேட்டுட்டு வாறன் புள்ள" என்று உள்ளே ஓடினார். பிறகு பஸ்ஸில் என்னைக் கேட்டார். "நோய்தானே? பாவமில்லையே?" ஓம் மச்சான், நோய்தான் என்றேன். கல்முனை வருவதற்குள் எத்தனை ஓம் சொன்னேனோ, கணக்கில்லை. வீட்டிலும் அதே கேள்விதான். கழுவுவது குறைந்தது, கேட்பது கூடியது.

அடுத்த முறை டொக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "கழுவுறதும் கேக்கிறதும் ஒரே நோய்தான், தங்கச்சி. நீங்க பதில் சொல்லச் சொல்ல அது வளரும். இனிச் சொல்லாதீங்க." இவரையும் கூப்பிட்டு அதையே சொன்னார். இவர் சரி என்றார். சரி சொல்வது லேசு.

மறுநாள் மத்தியானம், ளுஹர் தொழுகை நேரம். ஒரே ஒரு தரம் வுழு எடுத்துவிட்டு, ஈரக் கையோடு குசினி வாசலுக்கு வந்தார்.

"பாவமில்லையே, புள்ள?"

நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

"ஒருக்கா ஓம் என்டு சொல்லு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"வாயத் திறந்து சொல்லன்டி, கல்நெஞ்சுக்காரி!" என்று உம்மா ஏசினா. என் தொண்டை வரைக்கும் அந்த ஓம் வந்துவிட்டது. விழுங்கினேன்.

அவர் நெடுநேரம் நின்றார். பிறகு பதில் இல்லாமலே போய், பாயை விரித்து, தக்பீர் கட்டினார். அவர் தொழுது முடிக்கும்வரை நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.