கொதிக்க வைத்த தண்ணீர்

ஞானசௌந்தரி விழிதியூர்க்காரி. குத்தகைக்கு உழுத அப்பா, மகளைக் காரைக்காலுக்கு அனுப்பி வேதியியல் படிக்க வைத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழில் அவளுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. கிணற்றுத் தண்ணீரைச் சீசாவில் பிடித்து வந்து சோதிப்பாள். வீட்டுக் கக்கூசுக்குக் குழி வெட்ட மண் தோதுப்படுமா என்றும் பார்த்துச் சொல்வாள். சின்னதாக ஒரு பள்ளம் தோண்டி நீர் ஊற்றினால் மண்ணின் குணம் தெரிந்துவிடும். விழிதியூர்க் களிமண்ணில் ஊற்றியது ஊற்றியபடி நிற்கும். கடலோர மணலில் சல்லடையில் விட்டதுபோல இறங்கிவிடும். நிற்கிற இடத்தில் நாற்றமாவது காட்டிக் கொடுக்கும். இறங்குகிற இடத்தில் ஒன்றும் தெரியாது. அவள் பயந்தது அந்த மணலுக்குத்தான்.

கருக்களாச்சேரிக்குப் போகிற வழியில் அப்படியொரு மணல் தெரு. துபாயிலிருந்து வந்த பணத்தில் வரிசையாக வீடுகள் எழும்பின. மனைகளோ ஒடுக்கம். கேணிக்கும் கக்கூஸ் குழிக்கும் நடுவே ஒரு தென்னை நிற்க இடமிருந்தால் பெரிது.

துபாயிலிருந்து விடுப்பில் வந்து வீடு கட்டிய ஹமீதின் மனையைப் பார்த்துவிட்டு, அவனிடம் "இந்த மண்ணு தாங்காதுங்க, அத்தனையும் கேணிக்குத்தான் போகும்" என்றாள்.

ஹமீதின் மனைவி அமீர் நிஷா கதவுக்குப் பின்னால் இருந்து கேட்டாள்: "அப்ப நாங்க பொழுது சாயுற வரைக்கும் அடக்கிக்கிட்டுக் கெடந்து, சவுக்குத் தோப்புக்கே போவணுமாக்கா?"

ஞானசௌந்தரி மண் பொருந்தாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். குழி வெட்டத்தான் செய்தார்கள்.

எண்பத்து மூன்றில் அடைமழை பெய்து கேணிகள் கைக்கெட்டும் உயரத்துக்கு ஊறியிருந்தன. அமீர் நிஷாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்து இரண்டு மாதம். காய்ச்சலில் பால் வற்றிவிட, ஹமீது துபாயிலிருந்து அனுப்பிய டப்பாப் பால்மாவைக் கேணித் தண்ணீரில் கரைத்துப் புகட்டினாள். பிள்ளையின் உதடு கறுத்தது, பிறகு நகம், பிறகு உடம்பெல்லாம் சாம்பல் பூத்தது. ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தம் காப்பிக் கசடுபோல் இருந்ததைப் பார்த்த டாக்டர், கேணித் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி அனுப்பினார். முடிவு வருமுன் பிள்ளையின் மூச்சு அடங்கிவிட்டது.

கக்கூஸ் குழியிலிருந்து மணல் வழியே இறங்கிய நைட்ரேட் தண்ணீரில் மிதமிஞ்சி இருந்தது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. பச்சைக் குழந்தையின் ரத்தத்தில் சேர்ந்தால் மூச்சுக்காற்றைப் பிடிக்கவிடாது. ஞானசௌந்தரி போய் விஷயத்தைச் சொன்னாள்.

"கொதிக்க வச்சுத்தானேக்கா குடுத்தேன். பாதியா சுண்டுற வரைக்கும் கொதிக்க விட்டேன்" என்றாள் அமீர் நிஷா.

கொதித்துச் சுண்டினால் நைட்ரேட் போகாது, இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஞானசௌந்தரியால் அதைச் சொல்ல முடியவில்லை. "உன் மேல தப்பு இல்லம்மா" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று வருடம் கழித்து, பக்கத்துத் தெருவில் இன்னொரு சிசு நீலம் பாரித்தது. தாய்மார்களைக் கூட்டிப் பேசச் சொல்லி ஞானசௌந்தரியை அனுப்பினார்கள். பேச எழுந்தவள் இரண்டாம் வரிசையில் அமீர் நிஷாவைப் பார்த்தாள். மடியில் ஒரு கைக்குழந்தை. சுற்றிலும் இன்னும் எத்தனையோ மடிகள். வேறு வழியில்லை.

"கேணித் தண்ணிய எவ்வளவு கொதிக்க வச்சாலும் பிள்ளைக்கு ஆகாது. சுண்டச் சுண்டக் கெடுதல் கூடும். தெருக் குழாய்த் தண்ணியக் குடுங்க."

அமீர் நிஷா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டபடி வெளியே போனாள்.

மறுநாள் ஞானசௌந்தரி அவள் வீட்டு வாசலில் நின்றாள்.

"அன்னைக்கே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்மா."

அமீர் நிஷா, "நீங்க சொல்லாததுனால மூணு வருசம் சோறு எறங்குச்சு. அதுக்கு நான் ஒங்களத் திட்ட மாட்டேன். ஆனா இனிமே இங்க வராதீங்கக்கா, ஒங்களப் பாத்தா அந்த அடுப்புதான் தெரியுது" என்றாள்.

அதற்குப் பிறகும் ஞானசௌந்தரி அந்தத் தெருவுக்குப் பலமுறை சீசாக்களோடு போனாள். அந்த வீட்டை மட்டும் தாண்டிப் போய்விடுவாள். மற்றக் கேணிகளில் நைட்ரேட் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே இருந்தது. புதுக் குழிகளும் வெட்டிக்கொண்டேதான் இருந்தார்கள்.