மூன்றாவது பொத்தான்

இருங்காட்டுக்கோட்டையில் என் மனைவி ஒரு சிறிய ஸ்டூடியோ நடத்திவந்தாள். நான் கல்லூரியில் கணிதம் கற்பித்துவிட்டு மாலையில் அங்கே போய் அவளருகில் அமர்வேன். டிஜிட்டல் கேமராவும், படங்களைத் திருத்தும் மென்பொருளும் அப்போதுதான் அவள் கைக்கு வந்திருந்தன. அவள் மறைந்து இது இரண்டாம் ஆண்டு. நான் எழுத விரும்புவது அவள் சிரித்த ஒரு மாலையைப் பற்றி.

திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் ஒருவர் வந்தார். ஆலைத் தொழிலாளி, நான்கு பேராக ஓர் அறையில் தங்கியிருந்தார்கள். அவருக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பையன் எப்படிப்பட்டவர்களோடு இருக்கிறான் என்று பார்க்காமல் சம்மதிப்பதில்லை என்று சொல்லிவிட்ட பெண்ணின் தந்தை, அறைத் தோழர்கள் அனைவரும் நிற்கும் படம் ஒன்று கேட்டிருந்தார். நால்வரும் சேர்ந்து வரலாமே என்றாள் என் மனைவி.

“எங்க சேருறதுக்கா? ஒருத்தன் வேலைக்குப் போகையில ஒருத்தன் தூங்குதான். லீவும் ஆளுக்கொரு நாளு.”

தனித்தனியாக வந்தால் போதும், சேர்ப்பது தன் பொறுப்பு என்றாள். அந்த வாரம் அவரவர் ஷிஃப்ட் முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து, அவள் காட்டிய இடத்தில் நின்று போனார்கள்.

நான்கு படங்களையும் கம்ப்யூட்டரில் அடுக்கடுக்காக ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த பிறகுதான் பார்த்தோம். நால்வரும் ஒரே நீலக் கட்டம் போட்ட சட்டையில் நின்றார்கள். அறையில் இருந்த நல்ல சட்டை அது ஒன்றே. படம் என்றதும் ஒவ்வொருவரும் அதையே மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

படம் வாங்க வந்திருந்த மாப்பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. “சட்டைக்கே வக்கில்லாதவன்னு நெனச்சிருவாருக்கா.”

அவள் அவரை உட்காரவைத்தாள். மூன்று சட்டைகளின் நிறத்தை மாற்றினாள்: ஒன்று பச்சை, ஒன்று சாம்பல், ஒன்று காவியை ஒட்டிய பழுப்பு. ஆனால் நாளுக்கு நாள் கேமராவின் இடம் சற்று மாறியிருந்ததால், ஒருவர் மற்றவரின் முழங்கால் உயரத்தில் மிதந்தார். நான் தாளை எடுத்து விகிதக் கணக்கு போடத் தொடங்கினேன். அவளோ மேல் அடுக்கைப் பாதி மங்கலாக்கி, அடியில் இருந்த படம் தெரியும்படி செய்து, தரையின் சதுரங்களைப் பார்த்துக்கொண்டே அதைச் சிறிது சுருக்கினாள். பிறகு அம்புக்குறி விசையை ஒவ்வொரு முறையாக அழுத்தி நகர்த்தினாள். இரட்டையாகத் தெரிந்த தரைக்கோடுகள் நெருங்கி, நெருங்கி, ஒரே கோடாயின. நான்காவது ஆளும் தரையில் கால் பதித்தபோது என் கணக்கு பாதியில் நின்றது. மாப்பிள்ளை எழுந்து கை தட்டினார். தன்னையும் சேர்த்து அறையில் இருக்கும் நால்வரையும் அவர் ஒன்றாகப் பார்த்தது அதுவே முதல் தடவையாம்.

படம் போயிற்று. பெண்ணின் தந்தைக்குத் திருப்தி, சம்மதம் வந்தது.

திருமணம் முடிந்து இருவரும் எங்களைப் பார்க்க வந்தார்கள். படம் நன்றாக இருந்ததா என்று என் மனைவி சற்றுப் பெருமையோடு கேட்டாள். புதுப்பெண் கணவரைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

“எங்கய்யாவுக்கு ஒண்ணும் தெரியல. எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுட்டு. நாலு பேரு சட்டையிலயுமா மூணாவது பட்டன் இல்லாம இருக்கும்?”

என் மனைவி கம்ப்யூட்டரைத் திறந்து படத்தைப் பெரிதாக்கினாள். பச்சையில் இல்லை, சாம்பலில் இல்லை, பழுப்பில் இல்லை, நீலத்திலும் இல்லை. தெரிந்துமா ஒப்புக்கொண்டாய் என்று கேட்டாள்.

“இருக்குற ஒரு நல்ல சட்டையவும் மாத்தி மாத்திப் போட்டுக்கிடுதாவ. அதான் சரின்னுட்டேன்.”

அப்போது சிரிக்கத் தொடங்கியவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“கணக்கு வாத்தியாரக் கட்டிக்கினு இன்னா பிரயோஜனம்? பட்டனை எண்ணத் தெரில.”

அந்தக் கோப்பு இன்றும் என்னிடம் இருக்கிறது. திறக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணுகிறேன். மூன்றாவது இல்லாமல் சட்டைக்கு ஆறு, மொத்தம் இருபத்து நான்கு. விடை சரியாகத்தான் வருகிறது. அதைக் கேட்க வேண்டியவள்தான் அருகில் இல்லை.